கிழிசல் சத்தம்

சுகிர்தம் வைக்கிற வஞ்சிர மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அழுத கப்பல்காரர்கள் உண்டு. சிலர் காரம் தாங்காமல், சிலர் வீட்டு நினைப்பு தாங்காமல். துறைமுகத்துக்கு எதிரே, வெளிநாட்டு மாலுமிகள் கரையிறங்கித் தங்கிப் போகிற விடுதி ஒன்று இருந்தது. அங்கே பன்னிரண்டு வருஷமாக அவள்தான் சமையல். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் சேர்ந்தவள். துரை கப்பலேறிப் போய், சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன பிறகும் அதே அடுப்பைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தாள். வயது முப்பத்தைந்து. நல்ல உயரம், அதற்கேற்ற அகலம், இரண்டுக்கும் ஏற்ற குரல். அடுக்களையிலிருந்து அவள் ஒரு சத்தம் கொடுத்தால் மாடியில் குறட்டை விடுகிற கிரேக்க மாலுமிகூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அவளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அவள் அப்பா தெற்கே நாசரேத்துப் பக்கமிருந்து பட்டணம் வந்து அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஒரு கிறிஸ்துமஸுக்கு மகன் ஆசைப்பட்டான் என்று மூர் மார்க்கெட்டில் பழைய கிட்டார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தார். மகனுக்கு இரண்டே நாளில் விரல் நுனி வீங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் போன கிட்டாரை வெளியே இழுத்தவள் பதினோரு வயது சுகிர்தம். யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட கீர்த்தனையைத் திங்கட்கிழமை கம்பியில் தேடத் தொடங்குவாள், புதன்கிழமைக்குள் பிடித்துவிடுவாள். அத்தை மகன் தேவப்பிரியத்தைக் கட்டிக்கொண்டு கல்மண்டபத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு கிட்டாரும் கைவண்டியில் வந்தது.

விடுதிக் கூடத்தில் ஒரு கிராமபோன் உண்டு. மாலுமிகள் போகிறபோது இசைத்தட்டுகளை விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த துறைமுகத்தில் புதுசு கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஒருநாள் அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஒன்றின் சமையல்காரர் வந்திருந்தார். ஹோரஸ் என்று பேர், கறுப்பினத்துக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். தொழில்காரர் தொழில்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் அடுக்களைக்கே வந்து முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் குழம்பு வைக்க, அவர் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். புறப்படும்போது ஒரு கட்டு இசைத்தட்டுகளை அவள் கையில் கொடுத்து, "ப்ளூஸ்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. அவர் அலமாரியில் இருந்த நீல எனாமல் கோப்பையைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நெஞ்சுக்குள் இருக்கிற நீலம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே அதற்கு நீலப் பாட்டு என்று பேர் வைத்துவிட்டாள்.

இசைத்தட்டுகளோடு இன்னொரு பொருளையும் அவர் கொடுத்தார். தீப்பெட்டி நீளத்தில் ஒரு இரும்புக் கட்டை, பின்னால் வால் போல ஒயர். கிட்டாரின் வயிற்று ஓட்டையில் அதை மாட்டி, ஒயரைச் சத்தம் பெருக்குகிற ஒரு பெட்டியில் செருகினால் கிட்டார் ஊருக்கே கேட்கும் என்று கையாலும் வாயாலும் நடித்துக் காட்டினார். சுகிர்தத்திடம் அப்படிப்பட்ட பெட்டி எதுவும் இல்லை. கட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நீலப் பாட்டை மட்டும் பிற்பகல் ஓய்வில் கேட்டுக் கேட்டுக் கையில் ஏற்றிக்கொண்டாள். அது ரொம்பச் சின்ன நடை. வீட்டிலிருந்து கிளம்பும், அடுத்த தெருவுக்குப் போகும், வீட்டுக்குத் திரும்பும். பிறகு தூரத் தெரு ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் அடுத்த தெருவில் ஒரு கால் வைத்து, மறுபடியும் வீடு. இந்த மூன்று இடத்துக்குள்தான் அந்த மனிதர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், வம்பு பேசினார்கள்.

தேவப்பிரியம் துறைமுகப் பட்டறையில் பாய்லர் தகடுகளைச் சேர்க்கிற ரிவிட் ஆணி அடிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். வெளியே இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்கள். பாய்லருக்கு உள்ளே ஒருவர் உட்கார்ந்து ரிவிட்டின் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இருபது வருஷமாக உள்ளே உட்கார்ந்தவர் அவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. கொலுசு, குருவி, கொதிக்கிற உலை எல்லாம் போய், தடித்த சத்தங்கள் மட்டும் மிஞ்சின. சுகிர்தத்தின் குரல் அவருக்கு எட்டியது அவள் குரல்வளையின் புண்ணியம். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது பக்கத்து நான்கு வீட்டுக்கும் தெரியும். யாரும் குறை சொன்னதில்லை. அவர்கள் பேச்சு கேட்க நன்றாக இருக்கும்.

1957ஆம் வருஷம், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து, சாப்பாடு முடிந்து, அவள் கிட்டாரோடு உட்கார்ந்தாள். அவர் எதிரே, வழக்கம்போல அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அவளுக்கு ஏனோ ஒரு சந்தேகம் வந்தது. கையைக் கம்பியிலிருந்து அரை அங்குலம் தூக்கிக்கொண்டாள். விரல்கள் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயின, வந்தன. சத்தம் மட்டும் துளிகூட இல்லை. அவர் தலை அதே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நடை வீட்டுக்குத் திரும்பிய இடத்தில் கண்ணை மூடி, "ஆகா" என்றார்.

"எப்படி இருந்திச்சு அத்தான்?" என்று கத்திக் கேட்டாள்.

"ரொம்ப ஜோரா இருந்துச்சுட்டி!"

"நான் வாசிக்கவே இல்லையே!"

அவர் முகத்தில் திருடன் அகப்பட்ட சிரிப்பு வந்தது. "எத்தனை நாளா இப்படி?" என்றாள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "மூணு வருசம் இருக்கும். உன் கையப் பாத்தாலே எனக்குப் பாட்டு தெரிஞ்சிரும்லா. எதுக்குச் சொல்லி உன்ன சங்கடப்படுத்தணும்னு..." என்று இழுத்தார். சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்தது. சிரிப்புதான் ஜெயித்தது. அவரும் சிரித்தார். பக்கத்து வீட்டில் யாரோ காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவள் பெட்டியைத் திறந்து அந்த இரும்புக் கட்டையை எடுத்தாள். அவள் எடுத்த சீட்டுப் பணம் கைவசம் இருந்தது. கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு கல்மண்டபம் சாலையில் இருந்த அத்தாவுல்லா மைக் செட் கடைக்கு நடந்தாள்.

அத்தாவுல்லா ஒல்லியான மனிதர். நாற்பது வயதுக்கு முன்பே நரைத்த தாடி. கோயில் திருவிழா, மீலாது விழா, ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் அவர் செட்தான் கட்டுவார்கள். அவருக்கு ஒரே ஒரு கர்வம்: சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும். "நம்ம செட்ல ஒர்த்தன் பேசினா, எச்சி முயுங்குறது கூட கேக்கணும்" என்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. இடையில் ஒரு பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஜீனத், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருப்பாள். கடையில் நடக்கிற பேச்செல்லாம் அவள் காதில் விழும். தேவைப்பட்டால் திரை பதில் சொல்லும்.

"இன்னாக்கா, சர்ச்சுக்கு செட் வோணுமா?"

"சர்ச்சுக்கு இல்ல பாய். எனுக்கு."

"ஒனுக்கா? எலெக்சன் முட்ஞ்சி அஞ்சாறு மாசம் ஆச்சே!"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் இரும்புக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் பளபளத்தது. கிட்டாரில் மாட்டித் திருகினார். முதலில் கடையில் இருந்த மர ரேடியோவின் பின்பக்கம் ஒயரைச் செருகினார். கிராமபோன் மாட்டுவதற்கான துளை அது. "இப்ப வாசி."

ரேடியோவிலிருந்து கிட்டார் வந்தது. தேனாகத்தான் இருந்தது. ஆனால் தலை வாரிக்கொண்டே ஒரு பெண் முணுமுணுக்கிற மாதிரி, அறையை விட்டு வெளியே போகாத சத்தம்.

"நல்லா கீது பாய். ஆனா எங்க வூட்டுக்காரருக்குக் கேக்கணும்னா இந்த ரேடியோவ அவரு தலையிலதான் கட்டணும்."

"சத்தம்தான வோணும்? இரு" என்று அடுத்ததாகப் பெரிய செட்டைத் திறந்தார். கடைக் கூரையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுத்தார். சுகிர்தம் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினாள். கூரைமேல் இருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன. எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பாலைக் கீழே விட்டார். கூடையோடு போய்க்கொண்டிருந்த மீன்காரப் பெண்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, "எந்தக் கட்சி நைனா? எத்தினி மணிக்கு மீட்டிங்கு?" என்று விசாரித்தார்.

சத்தம் காசிமேடு வரை போயிருக்கும். ஆனால் அடிக்கம்பி இரண்டும் எங்கே போயின என்றே தெரியவில்லை. தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டுகிற சத்தம்தான் மிச்சம். மெல்லிய சத்தம் கேட்காத மனிதருக்கு இது எத்தனை பெரிதாக இருந்தாலும் கொசுதான். சுகிர்தம் உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போது திரை பேசியது. "அந்தப் பொன்னேரிப் பொட்டியப் போட்டுக் காட்டு."

"அது சீக்குப் பொட்டி ஜீனத். அத்த எதுக்குக் காட்டிக்கினு?"

"காட்டினா இன்னா, கடிச்சா துன்னப் போவுது?"

அத்தாவுல்லா மனசில்லாமல் மூலையில் இருந்த சாக்கை விலக்கினார். பொன்னேரிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ் மூடியபோது வாங்கிப்போட்டது. சின்னப் படமெஷினோடு வந்த சத்தப் பெட்டி. அரிசிப் பானை உயரம், மரச்சட்டத்தில் ஒட்டிய பழுப்புத் தோல், முன்னால் கிழிந்த துணிக்குப் பின்னே ஒரு வட்ட ஸ்பீக்கர். சுவிட்சைப் போட்டதும் உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. கொஞ்ச நேரம் 'உம்' என்று முனகியது.

சுகிர்தம் மெதுவாகத் தொட்டாள். அடிக்கம்பி இரண்டும் திரும்பி வந்துவிட்டன, குண்டுகுண்டாக. வால்யூமைப் பாதிக்கு மேல் திருகி, நீலப் பாட்டின் முதல் அடியை ஓங்கி இழுத்தாள். சத்தம் கிழிந்தது. கிழிந்த இடத்திலிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது. நாள் முழுக்க மீன் விற்றுத் தொண்டை கட்டிப்போன ஒருத்தி, அப்படியும் விடாமல் பாடினால் எப்படி இருக்கும், அப்படி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெதுவாகத் தட்டினால் பேசியது, அடித்தால் கதறியது, கையை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டே நின்றது.

"இதான் பாய்! இதேதான்!"

அத்தாவுல்லாவோ பல் கூசுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். "வோணும்னா இத்தயே எத்துக்க. நாலு நாள் டைம் குடு. பளிங்கு மாரி பண்ணித் தரேன்."

விடுதியில் உலை வைக்க நேரமாகிவிட்டிருந்தது. அவள் விலை பேசி முடித்து, பளிங்கு என்றால் பெட்டிக்குப் பாலிஷ் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஓடினாள்.

நாலாம் நாள் பிற்பகல் தேவப்பிரியத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டி மாப்பிள்ளை மாதிரி இருந்தது. தோலுக்கு மெருகு, முன்னால் புதுச் சிவப்புத் துணி, அதன்கீழ் வெள்ளை எழுத்தில் 'அத்தாவுல்லா'. அவர் நான்கு நாளும் வேறு வேலை தொடவில்லை. சுகிர்தம் உட்கார்ந்து ஓங்கி இழுத்தாள்.

சுத்தமாக வந்தது. இன்னும் ஓங்கினாள். இன்னும் சுத்தமாக வந்தது. வால்யூமை எல்லைவரை திருகினாள். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட சத்தம். தேவப்பிரியம் வழக்கம்போல அவள் விரலைப் பார்த்துத்தான் தலையாட்டினார்.

"கிழியலையே பாய்."

"எப்டி கியியும்?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "வால்வ மாத்திகீறேன். உள்ள வர்ற சத்தத்த அடக்க ரெசிஸ்டர் வச்சிகீறேன். இனிமே நீ கம்பியில சம்மட்டியால அட்ச்சாலும் கியியாது!"

"கிழிஞ்சாத்தான் எனுக்கு வோணும்."

அத்தாவுல்லாவின் நிமிர்ந்த நெஞ்சு இறங்கியது.

தேவப்பிரியம் காதில் கை வைத்துக்கொண்டு, "என்னட்டி தகராறு?" என்றார்.

"கிழியலன்னு சொல்லுதேன் அத்தான்!"

"எது? சேலையா?"

"அக்கா," என்றார் அத்தாவுல்லா, குரலை அடக்கிக்கொண்டு. "இருவது வருசமா இந்தத் தொயில்ல கீறேன். அத்தாவுல்லா செட்டு கியிஞ்ச சத்தம் போட்ச்சின்னு ஒர்த்தன் சொன்னதில்ல. பேரு வேற எய்திகீறேன் பாரு. என்னால ஆவாது."

சுகிர்தம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று விடுதிக்கு நடந்தாள். கால்மணி நேரத்தில் ஹோரஸ் கொடுத்த இசைத்தட்டு ஒன்றோடு திரும்பி வந்தாள். "இத்தப் போடு பாய். கேட்டுட்டுப் பேசு."

கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற கிராமபோனில் அவர் தட்டை வைத்தார். ஒரு ஆண் குரல் பாடியது. குரல் மூச்சு விட்ட இடத்தில் கிட்டார் புகுந்து கிழித்துக்கொண்டு போனது.

"ஊசி தேஞ்சிகீது" என்று நிறுத்தினார். புது ஊசி மாட்டினார். மறுபடியும் கிழிந்தது.

"தட்டு தேஞ்சிகீது."

திரை விலகியது. ஜீனத் முக்காட்டைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள். தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "புத்தம் புச்சா கீது. பாட்ற ஆளு குரலு சுத்தமா வர்து, கேளு. டோலு சுத்தமா வர்து. கிட்டாரு மட்டும் கியிது. தட்டு தேஞ்சா எல்லாந்தான கியியணும்? அவன் வேணும்னேதான் கியிக்கிறான்."

அத்தாவுல்லா முக்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் தடவை போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். தட்டு நின்றதும் கண்ணைத் திறந்தார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்.

"அந்த ஊர்லயும் என்ன மாரி ஒர்த்தன் இருந்திருப்பான். ரிப்பேர் பண்றேன்னு வந்திருப்பான். இந்த ஆளு தொரத்தி வுட்டிருப்பான்."

"நான் தொரத்தல பாய். ரெக்காட்டுதான் கொண்டாந்தேன்" என்றாள் சுகிர்தம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம். பழையபடி ஆக்கித் தரவும் மனசு ஒப்பவில்லை. அந்தச் சத்தத்தை மறக்கவும் முடியவில்லை. ஒரு வாரம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். ஜீனத் ஒரு காயில் சுற்றிக் கொடுத்தாள். அவர் வீசிய பழைய வால்வைத் தூக்கிப்போடாமல் பஞ்சில் சுற்றி வைத்திருந்தவளும் அவள்தான். கடைசியில், தேவப்பிரியத்துக்கு முன்கூட்டி வாசித்துக் காட்ட நேரமில்லாமல், சரஸ்வதி பூஜைக்கு முந்தின ராத்திரிதான் பெட்டியின் நெற்றியில் ஒரு சுவிட்ச் முளைத்தது. மேலே தள்ளினால் சுத்தம். கீழே தள்ளினால் கிழியும். இரண்டு பக்கமும் குட்டி எழுத்தில் 'பளிங்கு', 'கிழிசல்' என்று எழுதியும் விட்டார்.

சரஸ்வதி பூஜைக்குத் துறைமுகப் பட்டறையில் மதியத்தோடு வேலை நிற்கும். மெஷின்களைக் கழுவிச் சந்தனம் தெளிப்பார்கள். தொழிலாளர் குடும்பங்கள் பொரியும் கடலையும் வாங்க வருவார்கள். ரிவிட் கூட்டத்துக்கு மேஸ்திரி சண்முகவேல். "வருசா வருசம் ரெக்காட்டுதான போட்றோம்? இந்தத் தபா ஒன் வூட்டம்மா வாசிக்கட்டுமே" என்று அவர்தான் தேவப்பிரியத்திடம் சொன்னார். தேவப்பிரியத்துக்குச் சரியாகக் காதில் விழவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து, மேஸ்திரி ஏதோ கேட்டார், சரி சொல்லிவிட்டேன் என்றார். என்ன கேட்டார் என்பதை சுகிர்தம் மறுநாள் மேஸ்திரியின் மனைவியிடம்தான் தெரிந்துகொண்டாள்.

பயம் இருந்தது. வீட்டில் அத்தானுக்கு வாசிப்பது வேறு, இந்தக் கூட்டம் வேறு. மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, கழுவிய இரும்புத் தரையில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். அத்தாவுல்லா பெட்டியைப் பக்கத்தில் இரும்புத் தகட்டின்மேல் வைத்து, ஒயரை மூன்று தடவை சோதித்தார். ஜீனத் பெண்கள் கூட்டத்தில் முதல் வரிசை.

முதலில் பளிங்கில் ஒரு கீர்த்தனை வாசித்தாள். பெண்கள் ரசித்தார்கள். ரிவிட் கூட்டத்து ஆண்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் காதுக்குப் பின்னால் கை வைத்திருந்தார்கள். அவர்கள் எல்லாருடைய காதும் தேவப்பிரியத்தின் காதுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சுவிட்சைக் கீழே தள்ளினாள். வால்யூமைத் திருகினாள். நீலப் பாட்டை எடுத்தாள்.

முதல் இழுப்பிலேயே தகரக் கூரை கூடவே முனகியது. இரும்புத் தகடு அதிர்ந்து, அதிர்வு தரை வழியே ஓடி, உட்கார்ந்திருந்தவர்களின் எலும்புக்குள் ஏறியது. காதுக்குப் பின்னால் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தேவப்பிரியம் துள்ளி எழுந்தார். ஒரு கணம் சுற்றும் முற்றும் பார்த்தார், யார் கூப்பிட்டது என்பதுபோல. பிறகு அவள் விரலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "கேக்குட்டி!" என்று கத்தினார். "அடிக்கம்பி கேக்கு! ஏ சுகிர்தம், கேக்கு!"

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று தெரியும். சிரித்துக்கொண்டே இன்னும் ஓங்கி இழுத்தாள்.

கூட்டத்தில் ஒரு ரிவிட்காரருக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. சந்தனம் வைத்த சம்மட்டியை எடுத்து, பக்கத்தில் கிடந்த பாய்லர் தகட்டில் தாளத்துக்கு ஒரு தட்டுத் தட்டினார். சாமி கும்பிட்ட சம்மட்டியை இன்று தொடலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். "அதுக்கும் சந்தோசமாத்தான் கீது, வுடு" என்றார் சண்முகவேல். பிறகு ஐந்து சம்மட்டி, பத்துச் சம்மட்டி. ஆனால் பாட்டு எப்போது அடுத்த தெருவுக்குத் திரும்பும், எப்போது தூரத் தெருவுக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியாதே! தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மூன்று வருஷமாக அந்த விரல்களையே படித்தவர். தேவப்பிரியம் தகட்டின்மேல் ஏறி நின்று, கிரேனுக்குச் சைகை காட்டுகிற மாதிரி கையைத் தூக்கினார். நடை மாறுகிற இடம் வருவதற்கு அரை மூச்சு முன்னால் கையை வீசினார். பத்துச் சம்மட்டியும் ஒன்றாகத் திரும்பின. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அன்றைக்கு அந்தப் பாட்டு முடியவே முப்பது நிமிஷம் ஆனது. முடிக்கப் பார்த்தபோதெல்லாம் யாராவது "இன்னொரு சுத்து!" என்று கத்தினார்கள். வால்வின் சூட்டில் பெட்டியின் பின்பக்கம் தொட முடியாமல் போனது. அத்தாவுல்லா தன் தொப்பியைக் கழற்றி அதற்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு சுகிர்தத்துக்கு ஞாயிறு பிற்பகல்கள் சொந்தமாக இல்லை. விடுதி வேலையை விடவில்லை. கேட்டவர்களிடம், "குழம்பு வச்ச கையிலதான் பாட்டு வரும்" என்று சொல்லிவிட்டாள். திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கத்துக்கு மட்டும் வாசித்தாள். கோயிலில் பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். சுவிட்ச் மேலேதான் இருக்கும் என்று அவள் சத்தியம் செய்து கொடுத்த பிறகு அங்கேயும் பெட்டி நுழைந்தது. ஈஸ்டர் அன்று மட்டும் கை தவறிக் கீழே பட்டுவிட்டதாக அவள் சொன்னாள். யாரும் நம்பவில்லை, யாரும் கோபப்படவும் இல்லை.

அடுத்த தை மாதம் எண்ணூர் உப்பங்கழிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்திலிருந்து தாயம்மா வந்தாள். விடுதிக்கு மீன் கொண்டுவந்து போடுகிறவள். மகளுக்குக் கல்யாணம், நீ வந்து வாசிக்க வேண்டும் என்று கூடையை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவர்கள் குப்பத்தில் கரண்டு கிடையாது. அத்தாவுல்லா அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். அவருக்கு அது புதுக் கணக்கு. மோட்டார் பேட்டரி இரண்டு, அதைப் பெட்டிக்கு ஏற்ற கரண்டாக மாற்றுகிற கருவி ஒன்று, எல்லாம் தயாரானது. கடைத் திரையைக் கட்டி வைத்துவிட்டு ஜீனத்தும் கிளம்பினாள். லாரியில் எண்ணூர் வரை போய், அங்கிருந்து படகில் கழியைக் கடந்தார்கள். பெட்டியைத் தேவப்பிரியம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார், தண்ணீர் தெறிக்காமல்.

கடற்கரை மணலில் பந்தல். காயப்போட்ட வலைகளுக்கு நடுவே பாய் விரித்திருந்தது. தாலி கட்டி முடிந்து வெயில் தாழ்ந்த நேரம். சுகிர்தம் கிட்டாரை மடியில் வைத்து, வால்வு சிவக்கும்வரை காத்திருந்து, கிழிசலில் ஒரு துள்ளல் நடையை எடுத்தாள். கட்டுமரங்களைப் பார்க்கப் போயிருந்த ஆண்கள் திரும்பி ஓடி வந்தார்கள். கிழவிகள் இரண்டு பேர் முதலில் எழுந்தார்கள். அவர்கள் ஆடியதைப் பார்த்து மற்றவர்களுக்கு வெட்கம் விட்டது. மணப்பெண் கொஞ்ச நேரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கழுத்து மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த ஜீனத்தின் கையில் கொடுத்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, மணலில் இறங்கினாள்.